ஏலத்துக்குப் போன ஏழு பொருள்கள்

மார்கரெட்டின் வாயில் பொய் நிற்காது என்பது கூடுவாஞ்சேரியில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைப்பவள். கத்திரிக்காய் சொத்தையாக வந்தால் கொண்டுவந்தவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பிரசங்கம் நீண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் நிற்கும் போதகரிடம், "இன்னைக்கு ரொம்ப நீட்டிட்டீங்க ஐயா, வூட்ல ஒலை காஞ்சிகினு கீது" என்பாள். அவரும் சிரித்துக்கொள்வார். இப்படிப்பட்டவள் ஏழு வருடமாக ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கட்டிய புருஷனிடம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்று பெரியவர்கள் சலுகை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துச் சொல்லும் பொய்க்கு அந்தச் சலுகை செல்லாது. மார்கரெட்டுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

அவள் புருஷன் சாலமோனுக்கு மறைமலைநகர்ப் பக்கம் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சோதனைப் பிரிவு. செய்து முடித்த பம்புகள் வரிசையாக அவன் முன்னால் வரும். தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பான். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பான். நல்ல பம்பு என்றால் வெள்ளைச் சாக்பீஸில் ஒரு கோடு. கெட்டது என்றால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அவன் சிவப்புப் போட்டதை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டான். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு சாக்பீஸ் துண்டுகள் கிடக்கும். துவைக்கும்போது அதை எடுக்க மறந்துவிட்டால் அந்த வாரம் வீட்டில் எல்லா உள்பாவாடையும் ரோஜா நிறம்தான்.

கம்பெனியில் இவ்வளவு கறாரான மனிதன் வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எதையாவது செய்ய வேண்டும். கை சும்மா இருக்காது. சுத்தியலும் ரம்பமும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான். அவரைக்கொடி படர்ந்த குளியலறைக் கூரையின் கீழ் அவனுடைய தொழிற்சாலை. செய்கிற ஆசை மலையளவு. செய்து முடித்த பொருளைப் பார்த்தால், என்ன சொல்வது, அவன் கம்பெனியில் இன்னொரு சாலமோன் இருந்திருந்தால் அத்தனைக்கும் சிவப்புதான் விழுந்திருக்கும்.

மற்றபடி அந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாராள் ஒரு பெரிய துணிப்பையைக் கொண்டுவந்து மார்கரெட் கையில் கொடுப்பாள். கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருப்பவள்; செங்கல்பட்டு மார்க்கெட்டில் கீரைக்கடை. மார்கரெட்டைவிட நான்கு வயது சின்னவள். அவள் பையில் வேடந்தாங்கல் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய் இருக்கும், மண் உதிராத முள்ளங்கி இருக்கும், விடியற்காலை பிடுங்கிய சிறுகீரை இருக்கும். கடப்பாக்கத்துக் கருவாட்டுக்காரி வந்துபோன வாரமென்றால் ஒரு பொட்டலம் நெத்திலியும் இருக்கும். அந்தக் கத்திரிக்காயையும் நெத்திலிக் கருவாட்டையும் சேர்த்து மார்கரெட் குழம்பு வைத்தால் தெருவே மூக்கைத் தூக்கும். நர்சிங் கல்லூரி விடுதியிலிருந்து மகள் சிநேகா சனிக்கிழமை தோறும் ஓடிவருவது அம்மாவைப் பார்க்கவா, குழம்பைப் பார்க்கவா என்று சாலமோன் கேலி செய்வான்.

பொய் தொடங்கியது அறுப்பின் பண்டிகையில். அவர்கள் சபையில் மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு அது. சம்பா அறுவடை முடிந்த கையோடு நெல், வாழைத்தார், பரங்கிக்காய், சேவல் என்று முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். விளைச்சல் இல்லாதவர்கள் கையால் செய்தது எதையாவது வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அத்தனையும் ஏலம் போகும். சாலமோனின் அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் அறுத்து வாங்கிய கூலி நெல்லில் ஒரு மரக்கால் போனது. சாலமோனுக்கு வயலும் இல்லை, கூலி நெல்லும் இல்லை. மாதச் சம்பளம்தான்.

"ஒரு கவர்ல துட்டு போட்டு குடுத்துட்டா போச்சி" என்றாள் மார்கரெட்.

"அது கம்பெனி குடுத்தது. நான் செஞ்சத நான் குடுக்கணும்" என்றான் சாலமோன்.

அந்த வருடம் ஒரு முக்காலி செய்தான். மூன்று கால் உள்ளது ஆடாது என்பார்கள். சாலமோன் செய்தது ஆடியது. ஏலம் விடும் ஆனந்தன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மைக் கிடைத்தால் ஆனந்தனுக்கு வாய் அடங்காது. "பாருங்க, பாருங்க, ஒக்காந்தா தாலாட்டும் முக்காலி! யார் கேக்கறது?" பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் சத்தமே இல்லை. ஒருவரும் கை தூக்கவில்லை. சாலமோன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் தலை மெல்ல மெல்லக் குனிவதை மார்கரெட் பார்த்தாள். தானே கை தூக்கினால் ஊர் சிரிக்கும். பக்கத்தில் இருந்த சாராளை முழங்கையால் இடித்தாள்.

"கேளுடி. துட்டு நான் தரேன்."

சாராள் கை தூக்கினாள். சாலமோன் தலை நிமிர்ந்தது. அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவள் அடுத்த வருடம் எப்படிச் சும்மா இருப்பாள்?

வருடம் ஒன்று, பொருள் ஒன்று. முழங்கை இடிக்கும், கை தூக்கும். அடுத்தவள் பணம் என்றால் சாராளுக்குக் கை தாராளம். ஆனந்தன் உசுப்பிவிட விட அவளும் ஏற்றிக்கொண்டே போவாள். ஒரே ஒரு வருடம் மட்டும் மார்கரெட் பணத்தை நீட்டியபோது, "வேணாம், வுடுக்கா" என்றாள். ஏதோ நல்ல மனசு என்று மார்கரெட் அதை அப்போதே மறந்துபோனாள். வாங்கிய பொருள்களைச் சாராள் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். வேறு எங்கே வைப்பது?

எட்டாவது வருடம், பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது வியாழக்கிழமை சாயந்திரம், சாலமோன் கம்பெனியிலிருந்து வரும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலகையைக் கொண்டுவந்தான். பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தான். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து: 'சாலமோன் வீட்டுத் தயாரிப்புகள்'.

"இன்னா இது?"

"போர்டு."

"அது தெரியுது. இன்னாத்துக்கு?"

சாலமோன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது. "கம்பெனில வி.ஆர்.எஸ். குடுக்கறாங்க, முன்னாடியே ரிட்டயர் ஆயிக்கலாம். திங்கக்கெழம கடைசி நாளு. பாரம் வாங்கியாந்துட்டேன். எழுதி குடுத்துட்டு, முன்ரூம்ல கடைய போட்டுரலாம்னு கீறேன்."

இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருக்கிறது. வீட்டுக் கடன் முடிய அதே நான்கு வருடம். சிநேகாவுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருடம். "கட போட்டா யார் வாங்குவாங்க?" என்றாள்.

"இன்னா இப்டி கேக்கற? ஏழு வருசமா ஏலத்துல பாக்கறியே. ஒரு வருசமாச்சும் நம்ம பொருளு தங்கிச்சா? போன வருசம் அந்தக் கொய்யா ஜாம் எவ்ளோவுக்கு போச்சி? அறுநூத்தம்பது! ஜனங்களுக்கு கையால செஞ்சதுன்னா அப்டி ஒரு ஆச. இந்த வருசம் பெட்டி வேற கீது." பின்பக்கம் கையைக் காட்டினான். அங்கே அவனுடைய புதுப் படைப்பு இருந்தது. காயலான் கடையில் வாங்கிய பழைய பஸ் ஜன்னல் கண்ணாடியைப் பலகைப் பெட்டிக்கு மூடியாகப் போட்டு, உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, கொசுவலை கட்டிய வெயில் பெட்டி. தக்காளி மலிந்து கிடந்த நேரம். ஒரு கூடை வாங்கி, அறுத்து, உப்புப் பிசறி, மூன்று நாள் அதில் காயவைத்திருந்தான். வற்றல் நல்ல சிவப்பாகத்தான் வந்திருந்தது. ஆனால் அதை நம்பி வேலையை விடுவதா?

மார்கரெட் அடுப்படிக்குப் போனாள். முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். இரண்டு காய் நறுக்குவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சிநேகாப்பா, ஒரு விசியம். கோச்சிக்காத. அந்த ஏழு பொருளையும் வாங்கினது நான்தான்."

"நீயா? சாராளு இல்ல கை தூக்கிச்சி?"

"கை அவளுது. துட்டு என்னுது."

சாலமோன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்துபோய்ப் போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். மறுநாள் காலையில் நாஸ்தா சாப்பிடாமல் வேலைக்குப் போனான். கல்யாணமான நாளாக அவன் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டியதில்லை. மார்கரெட் அன்றைக்குச் சத்துணவுச் சாம்பாரில் இரண்டு தடவை பெருங்காயம் போட்டாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாலமோன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "அந்தப் பொருளுங்கல்லாம் எங்க கீது?"

"சாராளு வூட்ல."

"வா."

சாராள் அவர்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்து வந்து கொடுத்தாள். சாலமோன் அதை முற்றத்தில் கொட்டி, பொருள்களை வரிசையாக வைத்தான். கம்பெனியில் பம்புகளை வைப்பதுபோல ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

முக்காலியை அமுக்கினான். அது இன்னமும் ஆடியது. சிவப்பு. பப்பாளி சோப்பை நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். நுரைக்குப் பதிலாக வாசனைதான் வந்தது, அதுவும் நல்ல வாசனை இல்லை. சிவப்பு. பிறகு குருவிக்கூடு. எங்கெங்கோ இருந்தெல்லாம் பறவைகள் வேடந்தாங்கலைத் தேடிக்கொண்டு வருகின்றன. சாராள் வீட்டு முருங்கையில் ஒரு வருடம் தொங்கிய இந்தக் கூட்டை ஒரு சிட்டுக்குருவிகூட எட்டிப் பார்க்கவில்லையாம். "வாசல் சின்னது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிவப்புப் போட்டான். கொட்டாங்குச்சி அகப்பையில் காம்பு தனியாக வந்தது. மெழுகுவத்திகள் கொளுத்துவதற்கு முன்பே வெக்கையில் வளைந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன. கொய்யா ஜாமில் ஸ்பூனைக் குத்தினான். ஸ்பூன் வளைந்தது, ஜாம் வளையவில்லை. வேறு நாளாக இருந்தால் மார்கரெட் சிரித்திருப்பாள்.

ஆறு சிவப்பு விழுந்த பிறகு சாலமோன் பேசினான்.

"இருவத்தெட்டு வருசமா ரிஜெக்ட் போட்டுகினு கீறேன் மார்கரெட்டு. ஒரு பம்பும் அழுதது கெடையாது. கெட்ட பம்ப நல்ல பம்புன்னு அனுப்பினா வாங்கறவன் கெணத்துல தண்ணி வராது. அதுக்குத்தான் சிவப்பு. உனக்கு தெரியாதா? என்ன மட்டும் ஏன் நல்ல பம்புன்னு அனுப்பிச்ச?"

மார்கரெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்குச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அன்னிக்கு நீ தலைய தொங்கப் போட்டுகினு நின்ன. என்னால பாக்க முடியல. அவ்ளோதான்."

சாலமோன் விரல் விட்டு எண்ணினான். "ஆறுதான் கீது. மிதிக்கற கால் பம்பு எங்க?"

சாராள் இடுப்பில் கை வைத்தாள். "அது இங்க இல்ல. கடைல கீது. இத்தெல்லாம் தாராளமா எடுத்துனு போங்கண்ணே, கட்டிலுக்கு அடியில எடம் கெடைக்கும். அத்த மட்டும் தரமாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? நாளைக்கு லீவுதான? கடைக்கு வந்து பாருங்க."

அது மூன்று வருடத்துக்கு முந்தைய ஏலப் பொருள். கம்பெனியில் கழித்துப் போட்ட வால்வு ஒன்றையும் சைக்கிள் பம்பின் குழலையும் சேர்த்துச் செய்தது. காலால் மிதித்தால் தண்ணீர் தூறலாகத் தெளிக்கும். பூந்தொட்டிக்கு என்று செய்தான். செய்த கையோடு அதை மறந்து மெழுகுவத்திக்குப் போய்விட்டான். பம்பு அவனுக்கு ஆபீஸ் வேலை மாதிரி. அதில் அவனுக்குப் பெருமை இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்குப் போனார்கள். மார்கரெட் ஜன்னலோரம், சாலமோன் அவள் பக்கத்தில். பேச்சு இன்னும் திரும்பவில்லை. ஆனால் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தான். மார்கரெட் அதிலிருந்து ஒரு கடலை எடுத்தாள்.

மார்க்கெட்டில் சாலமோன் நேராகக் கடைக்குப் போகவில்லை. எதிரே வாழைக்காய் வண்டியின் மறைவில் நின்று பார்த்தான். சாராள் கீரைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் மொய்த்தது. ஒரு கை கட்டை எடுத்துக் கொடுக்கிறது, இன்னொரு கை சில்லறை வாங்குகிறது, வாய் பேரம் பேசுகிறது. இத்தனைக்கும் நடுவில் அவள் வலது கால் தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது. பக்கெட்டிலிருந்து ஏறிய தண்ணீர் கீரைகளின் மேல் பூத்தூறலாக விழுந்தது. பக்கத்துக் கடைக் கீரையெல்லாம் பத்து மணி வெயிலுக்கே தலை சாய்ந்திருக்க, சாராளுடைய முளைக்கீரை அப்போதுதான் பிடுங்கியதுபோல நிமிர்ந்து நின்றது.

சாலமோன் போய் அதன் அருகில் உட்கார்ந்தான். "நிறுத்தாத, மிதி" என்றான். காதைக் குழலோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்டான். மார்க்கெட்டின் இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்டதோ.

"எத்தினி வருசமா ஓடுது?"

"மூணு வருசம். ஒரே ஒரு தபா வாசர் போச்சி. நானே மாத்திட்டேன்." சாராள் மார்கரெட்டைப் பார்த்தாள். "அந்த வருசம் நீ துட்டு குடுத்த, நான் வாணாம்னேன், நெனப்பு கீதாக்கா? நீ இடிக்கறதுக்கு முன்னாடியே நான் கை தூக்கிட்டேன். என் கடைக்கு வேணும்னுதான் கேட்டேன். என் துட்டு போட்டு வாங்கினத நான் ஏன் தரணும்?"

சாலமோன் பையைத் துழாவினான். முந்தின நாள் சாராள் வீட்டு முற்றத்தில் தொடாமலே விட்ட வெள்ளைச் சாக்பீஸ் துண்டை எடுத்தான். பம்பின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டான். தண்ணீர் பட்டு அது உடனே கரைந்தது. ஆனாலும் போட்டது போட்டதுதான்.

பக்கத்துக் கடை முனியம்மா வாடிய கீரையை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அண்ணாத்த, நீதான் இத்த செஞ்சியா? எத்தினி நாளா இவள கேட்டுகினு கீறேன், எங்க வாங்கினன்னு சொல்ல மாட்டேங்கறா. எனக்கும் ஒண்ணு செஞ்சி குடேன்."

திரும்பி வரும்போது சாலமோனே பேச்சைத் தொடங்கினான். "மார்கரெட்டு, நாளைக்கு ஏலத்துல தக்காளி வத்தல் வெக்கறேன். நீ ரெண்டு கையும் மடியில வெச்சிகினு ஒக்காரு. முழங்கை ஆடிச்சின்னு வெச்சிக்க, அப்றம் பேஜாராயிடும்."

"யாரும் கேக்கலன்னா?"

"கேக்கலன்னா வூட்டுக்கு எடுத்துனு வந்து கொழம்பு வெப்போம். இன்னா இப்போ?"

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் மார்கரெட் சொன்னபடி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். போதாதென்று முந்தானையால் சுற்றியும் வைத்துக்கொண்டாள். விடுதியிலிருந்து வந்திருந்த சிநேகா, "என்னம்மா, குளுருதா?" என்றாள். வாழைத்தார் போயிற்று, சேவல் போயிற்று, பரங்கிக்காய் நல்ல விலைக்குப் போயிற்று. பிறகு ஆனந்தன் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கினார்.

"நம்ம சாலமோன் அண்ணன் கைவரிசை! தக்காளி வத்தல்! எங்க, சாராளம்மா, ஆரம்பிங்க!"

சாராள் மேலே பறக்கும் காக்காயைப் பார்த்தாள். ஆனந்தன் திகைத்துப்போனார். பந்தல் அமைதியானது. அதே ஏழு வருடத்துக்கு முந்தைய அமைதி. சாலமோன் அன்றைக்கு நின்ற அதே பந்தல் காலருகில்தான் இன்றும் நின்றான். மார்கரெட்டின் முழங்கை துடித்தது. முந்தானையை இறுக்கிக்கொண்டாள். ஆண்டவரே, யாராவது, யாராவது என்று மனசுக்குள் முணுமுணுத்தாள்.

"இது கொழம்புல போடறதாங்க?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்திருக்கும் சுஜாதா. கைக்குழந்தையோடு சபைக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருந்தாள். அவளுக்குச் சாலமோனும் தெரியாது, சாராளும் தெரியாது.

"குழம்புல போடலாம், தொவையல் அரைக்கலாம்" என்றார் ஆனந்தன் உயிர் வந்தவராய்.

"அப்ப இருபது ரூபா."

"அம்மா, போன வருசம் இவரு ஜாம் அறுநூத்தம்பதுக்குப் போச்சும்மா!"

"எனக்கு இருபதுதாங்க."

பந்தலே சிரித்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். வேறு யாரும் ஏற்றவில்லை. மார்கரெட் பயந்துகொண்டே பந்தல் காலைப் பார்த்தாள். சாலமோன் தலை நிமிர்ந்திருந்தது. முந்நூற்றுக்கும் அறுநூற்றுக்கும் மலர்ந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். இருபது ரூபாய்க்கு அவன் சிரித்த சிரிப்பு அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பாட்டிலை ஆனந்தனிடமிருந்து தானே வாங்கிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். நேரே வெயில் படாமல் வைக்கச் சொல்லி, தேவைக்கு மேல் நான்கு நிமிடம் பேசிவிட்டும் வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சமையலை அவனே எடுத்துக்கொண்டான். வீட்டில் மிச்சம் இருந்த வற்றலைப் போட்டுச் சாராள் கொடுத்தனுப்பிய முள்ளுக் கத்திரிக்காயோடு குழம்பு. மார்கரெட்டையும் சிநேகாவையும் அடுப்படிப் பக்கம் வரவே விடவில்லை. மார்கரெட் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு அந்த வி.ஆர்.எஸ். பாரம்..."

"ஏழுல ஒண்ணு தேறியிருக்குது" என்றான் உள்ளிருந்து. "எங்க கம்பெனில ஏழுல ஒண்ணு தேறிச்சின்னா கதவ சாத்திட்டு போவணும். நாலு வருசம் கீது இல்ல? முனியம்மாளுக்கு ஒரு பம்பு, அப்றம் வேற யாரு கேட்டாலும் ஒண்ணு. பாதிக்குப் பாதி தேறட்டும். அப்ப போர்ட திருப்பலாம்."

மார்கரெட்டுக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மகள் பக்கத்தில் இருந்ததால் கீரையை வேகமாக ஆய்ந்தாள்.

மூவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். சாலமோன் சோற்றில் குழம்பை ஊற்றினான். தான் சாப்பிடாமல் மார்கரெட்டின் வாயையே பார்த்தான். "எப்டி கீது?"

புளிப்பு அருமை. காரம் சரி. கத்திரிக்காய் வெண்ணெயாக வெந்திருந்தது. ஆனால் வற்றலிலேயே உப்புப் பிசறியிருப்பதை மறந்து, குழம்புக்கும் தனியாக உப்புப் போட்டிருந்தான் மனுஷன். கடப்பாக்கத்துக் கடலையே கலக்கிவிட்டதுபோல இருந்தது. சிநேகா தண்ணீர் செம்பை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பழைய பழக்கம் மார்கரெட்டின் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"உப்பு கரிக்குது" என்றாள்.

சாலமோன் ஒரு வாய் எடுத்து வைத்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டுச் சிவப்புச் சாக்பீஸை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். இருபத்தெட்டு வருடத்தில் அதை வேறு ஒருவர் கையில் அவன் கொடுத்ததே இல்லை.

"இந்தா. நீயே போடு."

மார்கரெட் இடது கையால் அதை வாங்கி, குழம்புச் சட்டியின் மூடி மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். அப்புறம் மூவரும் சோற்றைக் கூடுதலாகப் போட்டுப் பிசைந்து, அந்தக் குழம்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.